நூறு அங்குலத் திரையில் சினிமாஸ்கோப் எவ்வளவு பெரியது?

வீட்டுக்கு புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இஞ்ச் வரும்?" என்பதைத்தான். கடைக்காரரும் 100 என்றோ 120 என்றோ ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரம். படம் எவ்வளவு அகலமாக வரும், எவ்வளவு உயரமாக வரும் என்பதை அது தனியாகச் சொல்லாது. அதே 100 அங்குலத் திரையில் கிரிக்கெட் ஒரு அளவில் வரும், புதுப் படம் இன்னொரு அளவில் வரும், ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் மூன்றாவது ஒரு அளவில் வரும். கோளாறு புரொஜெக்டரில் இல்லை. படம் எந்த வடிவத்தில் எடுக்கப்பட்டது, டிஸ்க்கில் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது, பிளேயர் அதை எப்படி வெளியே அனுப்புகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் சுவரில் விழும் அளவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கணக்கு. இன்றைய 16:9 வடிவத்தில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) 100 அங்குலத் திரை என்றால் அகலம் 87 அங்குலம், அதாவது ஏழேகால் அடி. உயரம் 49 அங்குலம், நாலு அடிக்கு ஒரு அங்குலம் கூட. இதில் 2.39:1 விகிதத்தில் எடுத்த சினிமாஸ்கோப் படத்தை, சுருக்கமாக ஸ்கோப் படத்தை, போட்டால் அகலம் அதே 87 அங்குலம்தான். உயரம் மட்டும் 36½ அங்குலமாகக் குறையும். மேலே ஆறு அங்குலம், கீழே ஆறு அங்குலம் கறுப்புப் பட்டை. திரையின் பரப்பில் கால் பங்கு வேலையில்லாமல் கிடக்கும். பழைய 4:3 படத்தைப் போட்டால் உயரம் முழுதும் நிரம்பும், ஆனால் அகலம் 65 அங்குலத்தோடு நின்றுவிடும். ஆக, காசு கொடுத்த 100 அங்குலம் முழுதாகக் கிடைப்பது 16:9-இல் எடுத்தவற்றுக்கு மட்டும்தான். சினிமாவில் அந்த வடிவம் குறைவு.

அப்படியானால் 16:9 எங்கிருந்து வந்தது? பேசும்படம் வந்த பிறகு 1932-இல் ஹாலிவுட் 1.37:1 என்ற விகிதத்தை நிலைநிறுத்தியது. தொலைக்காட்சி அதை ஒட்டியே 4:3 பெட்டியாகப் பிறந்தது. வீட்டிலேயே படம் பார்க்க ஆரம்பித்த கூட்டத்தைத் திரும்பத் தியேட்டருக்கு இழுக்க, 1953-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. ஆன்றி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய லென்ஸ், அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் பதித்தது. தியேட்டரில் அதற்கு எதிர் லென்ஸ் மாட்டி மறுபடி விரித்தார்கள். முதலில் 2.55:1 ஆக இருந்தது, ஒலித்தடத்துக்கு இடம் விட்டபோது 2.35 ஆனது, எழுபதுகளிலிருந்து 2.39. இந்தியாவில் 1959-இல் 'காகஸ் கே ஃபூல்', தமிழில் 1973-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கி சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்' என்று ஸ்கோப் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த வடிவம்தான். இதைக் கவனத்தில் வையுங்கள், திரை வாங்கும்போது உதவும்.

16:9 பின்னால் வந்த சமரசம். உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு என்ன வடிவம் வைப்பது என்று எண்பதுகளில் பேச்சு வந்தபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வழக்கத்தில் இருந்த விகிதங்களையெல்லாம் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் ஏறக்குறைய 1.78 என்ற ஒரே விகிதத்தில் வந்தன. அதாவது 16:9 என்பது 4:3 படத்துக்கும் ஸ்கோப் படத்துக்கும் சமமாக நட்டம் ஏற்படுத்தும் வடிவம். யாருக்கும் முழுசாகப் பொருந்தாது, யாரையும் ஒரேயடியாகக் கைவிடாது.

அதற்கு முன்பு வரை ஸ்கோப் படங்கள் வீட்டில் பட்ட பாட்டைப் பழைய பெட்டிகளில் படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் ஓடும்போது ஆட்கள் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக வருவார்கள். எழுத்துகள் இரு பக்கமும் வெட்டுப்படக் கூடாது என்பதால் அதுவரைக்கும் மொத்தப் படத்தையும் நெருக்கிக் காட்டுவார்கள். "டைரக்ஷன்" கார்டு போனதும் ஆட்கள் திடீரென்று சரியான உடம்புக்கு வருவார்கள். அந்த நொடியில் படத்தின் இரண்டு ஓரமும் போய்விட்டது. 2.35 படத்தை 4:3-க்குள் நிரப்பினால் நூற்றுக்கு 43 பங்கு காட்சி வெளியே. இரண்டு பேர் திரையின் இரு முனையில் நின்று பேசினால், நடுவில் இருக்கும் சுவரையும் இருபுறமும் இரண்டு மூக்கையும் பார்த்துக்கொண்டு வசனம் கேட்க வேண்டியதுதான். டிவிடி உறையில் "ஃபுல் ஸ்கிரீன்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வெட்டல்தான். பெயரைப் பார்த்து முழுப்படம் என்று நம்பிவிடக் கூடாது.

சரி, டிவிடிக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான், புரொஜெக்டரில் வித்தியாசம் பளிச்சென்று தெரிவதும் இங்கேதான்.

டிவிடியில் ஒவ்வொரு பிரேமும் 720 புள்ளி அகலம். உயரம் அமெரிக்க முறையில் 480 வரி, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய PAL முறையில் 576 வரி. படம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் இந்தக் கட்டம் மாறாது. இதை எந்த வடிவத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் டிஸ்க்கில் இருக்கும். இப்போது 2.35 விகிதத்து ஸ்கோப் படம் ஒன்றை இதில் இரண்டு விதமாகப் பதியலாம். 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு வைப்பது ஒன்று. இதற்கு லெட்டர்பாக்ஸ் என்று பெயர். அப்போது 480 வரியில் படத்துக்குக் கிடைப்பது 272 மட்டும். மீதி வரிகள் எல்லாம் கறுப்பைச் சுமக்கின்றன. இன்னொன்று, அனமார்ஃபிக். 16:9 சட்டத்துக்குள் படத்தை வைத்து, அந்தச் சட்டத்தையே பக்கவாட்டில் நெருக்கிக் கட்டத்துக்குள் பதிப்பது. அப்போது படத்துக்கு 363 வரி கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விவரம், அதே டிஸ்க்கில், அதே விலையில்.

தியேட்டர் ஃபிலிமின் அனமார்ஃபிக்கும் டிவிடியின் அனமார்ஃபிக்கும் வேறு வேறு. முன்னது படப்பிடிப்பில் லென்ஸ் செய்யும் இரு மடங்கு நெருக்கல். பின்னது டிஸ்க் தயாரிக்கும்போது கணினி செய்யும் வேலை. ஸ்கோப் லென்ஸில் எடுத்த படம் சாதாரண லெட்டர்பாக்ஸ் டிவிடியாக வரலாம். ஸ்கோப் லென்ஸே மாட்டாமல் 1.85-இல் எடுத்த படம் அனமார்ஃபிக் டிவிடியாக வரலாம். அதனால் உறையில் "2.35:1 வைட்ஸ்கிரீன்" என்று மட்டும் இருந்தால் அது படத்தின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பதிவு எப்படி என்று சொல்லவில்லை. "அனமார்ஃபிக்" என்றோ "16:9" என்றோ "வைட்ஸ்கிரீன் டிவிக்காக மேம்படுத்தப்பட்டது" என்ற பொருளில் ஆங்கில வரியோ இருக்கிறதா என்று உறையின் பின்பக்கம் தேடுங்கள். தமிழ்ப் பட டிவிடிகள் நிறைய வெறும் லெட்டர்பாக்ஸாகவே வந்தன என்பது வருத்தமான உண்மை. அகலத்திரைக்காகவே பார்த்துப் பார்த்து சட்டகம் அமைத்த ஒளிப்பதிவாளர்களின் உழைப்பு, 272 வரிக்குள் போய் அடங்கிவிட்டது.

இதைச் சுவரில் அளந்து பார்த்தால் தெளிவாகும். 100 அங்குலத் திரையில் லெட்டர்பாக்ஸ் டிவிடியை அப்படியே விட்டால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, நடுவில் 65 அங்குல அகலம், 28 அங்குல உயரத்தில் ஒரு சன்னல்தான் வரும். ரிமோட்டில் ஜூம் அல்லது லெட்டர்பாக்ஸ் என்று இருக்கும் பொத்தானை அழுத்தி அகலத்தை நிரப்பலாம். அப்போது 272 வரிகள் 37 அங்குல உயரத்துக்கு இழுபடும். ஒரு வரிக்கு மூன்றரை மில்லிமீட்டர். அனமார்ஃபிக் டிஸ்க்கில் ஒரு வரி 2.6 மில்லிமீட்டர். ப்ளூரே என்றால் ஒன்றுக்குச் சற்று மேல். பதினோரு அடி தூரத்தில் உட்கார்ந்தால் நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய அளவு சுமார் ஒரு மில்லிமீட்டர். ப்ளூரே அந்த எல்லையிலேயே நிற்கிறது. லெட்டர்பாக்ஸ் டிவிடி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். முகத்தில் மயிர்க்கால் தெரியவில்லை, தூரத்து ஆட்கள் கரைந்த மாதிரி இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். இதற்கு புரொஜெக்டரை மாற்றிப் பயனில்லை. அந்த டிஸ்க் போடும் நாளில் ஜூம் வளையத்தைச் சுருக்கி 75, 80 அங்குலத்தில் பாருங்கள். படம் சிறியதாகும், ஆனால் கூர்மை கூடியதாகத் தெரியும்.

அனமார்ஃபிக் டிஸ்க்கையே வைத்திருந்தும் அதன் பலனை இழப்பவர்கள் உண்டு. டிவிடி பிளேயரின் செட்டப்பில் டிவி வடிவம் என்று ஒரு வரி இருக்கும். 4:3 லெட்டர்பாக்ஸ், 4:3 பான்-ஸ்கேன் (ஓரங்களை வெட்டி நிரப்புவது), 16:9 என்று மூன்று தேர்வு. பழைய குழாய் டிவிக்கு வாங்கிய பிளேயர் என்றால் அது 4:3-இலேயே நின்றிருக்கும். அந்த நிலையில் பிளேயர் 363 வரியையும் தானே சுருக்கி 272 ஆக்கி, பட்டையைச் சேர்த்து வெளியே அனுப்பிவிடும். புரொஜெக்டர் அதை வாங்கி மறுபடி பெரிதாக்கும். நல்ல டிஸ்க்கை வைத்துக்கொண்டு மோசமான டிஸ்க்கின் படத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். அதை 16:9 என்று மாற்றினால் போதும், செலவில்லாமல் கிடைக்கும் மேம்பாடு இது ஒன்றுதான்.

மாற்றிய பிறகு வட்டமான ஏதாவது ஒரு பொருள் வரும் காட்சியில் நிறுத்துங்கள். பௌர்ணமி நிலவு, வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், எதுவானாலும் சரி. ஒரு டேப்பை எடுத்துப்போய்த் திரையில் அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. உயரம் கூடுதலாக இருந்தால் நெருக்கிய படம் விரியாமல் வருகிறது. புரொஜெக்டரை 16:9-க்கு மாற்றுங்கள். அகலம் கூடுதல் என்றால் 4:3 படத்தை இழுத்து நிரப்பியிருக்கிறீர்கள். சக்கரம் நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கும் காட்சியாக இருப்பது முக்கியம், சாய்ந்து நின்றால் அது இயல்பாகவே நீள்வட்டமாகத்தான் தெரியும்.

2006-இல் வந்த ப்ளூரேயில் இந்தத் தலைவலி போயிற்று. 1920×1080 என்ற கட்டம் பிறப்பிலேயே 16:9. ஆனால் ஸ்கோப் படத்துக்குத் தனி வசதி இல்லை. 2.39 படம் 1920×803 புள்ளிகளில் இருக்கும், மீதி 277 வரியும் கறுப்பாகவே பதியப்பட்டிருக்கும். 4கே ப்ளூரேயிலும் அப்படித்தான், 2160-இல் 1607 வரி. தியேட்டர்களுக்குப் போகும் டிஜிட்டல் பிரதியிலும் இதே கதை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2கே அளவில் 1.85 படம் 1998×1080, ஸ்கோப் 2048×858. அகலமான படம் என்று பெயர், புள்ளிக் கணக்கில் அதுதான் குறைவு.

இனி அறைக்கு வருவோம். புரொஜெக்டர் பெட்டியில் த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 1.5 என்றால் ஒரு அடி அகலத்துக்கு ஒன்றரை அடி தூரம் வேண்டும். பன்னிரண்டு அடி நீளமுள்ள ஹாலில், பின்சுவரில் பலகை அடித்து வைத்தால் புரொஜெக்டரின் உடம்பும் பின்னால் வயருக்கு விடும் இடமும் போக லென்ஸுக்கு முன்னால் பத்தரை அடி மிஞ்சும். 10.5-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஏழு அடி அகலம், 96 அங்குலத் திரை. ஜூம் இருந்து ரேஷியோ 1.25 வரை இறங்கினால் 8.4 அடி, 115 அங்குலம். வாங்குவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். "சாய்த்து வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், கீஸ்டோன் இருக்கிறது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீஸ்டோன் என்பது படத்தையே உள்ளே சுருக்கி வளைப்பது. புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் பேனலில் இருக்கும் புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவது. முடிந்தவரை புரொஜெக்டரை மட்டமாக, நேராக மாட்டுவதே நல்லது.

அகலம் தெரிந்ததும் உட்காரும் இடமும் தெரிந்துவிடும். படம் கண்ணுக்கு 30 பாகை கோணத்தில் விரிய வேண்டும் என்றால் அகலத்தைப்போல 1.87 மடங்கு தூரம். 36 பாகை வேண்டும் என்றால் 1.54 மடங்கு. ஏழேகால் அடி அகலப் படத்துக்கு முறையே பதின்மூன்றரை அடியும் பதினோரு அடியும். இரண்டிலும் அகலம்தான் அடிப்படை என்பதைக் கவனியுங்கள். மூலைவிட்ட அங்குலம் இங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

பார்ப்பது பெரும்பாலும் ஸ்கோப் படங்கள் என்றால், திரையையே 2.39 வடிவத்தில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். பழைய தியேட்டர்களில் ஸ்கோப் படம் என்றால் இரு பக்கத் திரைச்சீலையும் விலகித் திரை அகலமாகும். உயரம் மாறாது. வீட்டிலும் அதைச் செய்யலாம். 49 அங்குல உயரத்தை அப்படியே வைத்து அகலத்தை 117 அங்குலமாக்கி, புரொஜெக்டரை 1.34 மடங்கு ஜூம் செய்தால் கறுப்புப் பட்டைகள் திரைக்கு வெளியே சுவரில் விழுந்துவிடும். பார்க்க அற்புதமாக இருக்கும், ஐயமில்லை. விலையும் உண்டு. புரொஜெக்டர் அனுப்பும் மொத்தச் செவ்வகம் 30 சதுர அடியிலிருந்து 54 சதுர அடியாகப் பெருகுவதால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. சப்டைட்டிலைக் கீழ்ப்பட்டையில் வைத்த டிஸ்க் என்றால் எழுத்து சுவரில் ஓடும். 'தி டார்க் நைட்' போல ஐமாக்ஸ் காட்சிகளில் உயரம் கூடும் ப்ளூரேயைப் போட்டால் அந்தக் காட்சிகள் திரைக்கு மேலும் கீழும் வழியும். அனமார்ஃபிக் லென்ஸை முன்னால் மாட்டி இதைச் செய்யும் முறையும் உண்டு, அதில் பேனலின் எல்லாப் புள்ளிகளும் படத்துக்கே பயன்படும். ஆனால் அந்த லென்ஸின் விலை நம்மில் பெரும்பாலானோரின் புரொஜெக்டர் விலையைவிட அதிகம்.

என் தீர்மானம் இது. உங்கள் சுவரில் எது முதலில் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள். ஒருபக்கம் கதவு, மறுபக்கம் சன்னல் என்று நடுவில் எட்டடி சுவர் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் ஸ்கோப் திரை வாங்குவதில் அர்த்தமில்லை. எட்டடி அகல 16:9 திரையில் ஸ்கோப் படம் அதே எட்டடிக்குத்தான் வரும். கிரிக்கெட்டும் பழைய படமும் கூடுதல் உயரத்தோடு கிடைக்கும். அகலத்துக்குக் குறைவில்லை, ஆனால் கீழே அலமாரி, மேலே உத்திரம் என்று உயரம்தான் தடை என்றால் மட்டும் ஸ்கோப் திரையை யோசிக்கலாம். நம் ஊர் அடுக்குமாடி ஹால்களில் அனேகமாக முதலாவது நிலைமைதான்.

16:9 திரையில் ஸ்கோப் படம் பார்க்கும்போது உறுத்துவது பட்டை அல்ல, பட்டையின் நிறம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தைத் தடுக்க மட்டுமே முடியும், அதுவும் முழுதாக முடியாது. அதனால் இருட்டறையில் பட்டைகள் சாம்பல் நிறமாக ஒளிரும். ஜவுளிக்கடையில் கிடைக்கும் மங்கலான கறுப்பு வெல்வெட்டை ஆறு அங்குல அகலத்தில், திரையைவிடக் கொஞ்சம் நீளமாக இரண்டு துண்டு வெட்டி, மெல்லிய மரச்சட்டத்தில் ஒட்டி மேலும் கீழும் கொக்கியில் மாட்டுங்கள். சாட்டின் மாதிரி மினுங்கும் துணி வேண்டாம், அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மாட்டியவுடன் படத்தின் கறுப்பு ஆழமானதுபோலக் கண்ணுக்குத் தெரியும். புரொஜெக்டர் எதுவும் மாறவில்லை; பக்கத்தில் இருந்த சாம்பல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், 1.37-இல் எடுத்த பழைய படங்கள். 'பராசக்தி' காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை இப்போது 16:9-க்கு நிரப்பி வெளியிடுவது பெருகிவிட்டது. இது பழைய டிவி செய்த அநியாயத்தின் தலைகீழ். அன்று ஓரத்தை வெட்டினார்கள், இன்று மேலும் கீழும் வெட்டுகிறார்கள். உயரத்தில் நூற்றுக்கு 23 பங்கு போகிறது. பரதநாட்டியக் காட்சியில் சட்டகம் தலைக்கு மேலே கொஞ்சம், பாதத்துக்குக் கீழே கொஞ்சம் என்று இடம் விட்டு அமைக்கப்பட்டிருக்கும். அதில் கால் பங்கை எடுத்தால் முதலில் காணாமல் போவது பாதமும் சலங்கையும். வெட்டிய பிரதியை எந்த புரொஜெக்டராலும் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு கிடைத்தால், கொஞ்சம் கீறலோடு இருந்தாலும் 4:3 பதிப்பையே எடுங்கள். 65 அங்குல அகலம்தான் வரும். கறுப்புத் துணியை இரண்டு பக்கமும் பதினோரு அங்குலத்துக்குத் தொங்கவிட்டால் சரியாக இருக்கும்.